பேகன் போர்வையும் பண்டிகைக் கொடையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'பண்டிகைகள் கற்பிக்கும் ஈகை' என்பது. தந்தவர் நம் செயலாளர். வட்டத்தின் பொருளாளனாகிய என்னை இந்தத் தலைப்பில் பேச வைத்ததன் உட்கருத்து எனக்கு விளங்காமல் இல்லை. பத்தாண்டு நிறைவை ஒட்டி, பனியன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு படிப்பகம் அமைப்பதென்று சென்ற செயற்குழுவில் தீர்மானித்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்கான பணத்தை எவ்வாறு திரட்டுவது என்ற பேச்சு எழுந்தவுடன் ஒரு மனம் பல மனமாயிற்று. "கவிஞன் கடை கடையாய் ஏறி இறங்கிக் கையேந்துவதா?" என்றார் ஒருவர். "சங்கப் புலவன் ஏந்தாத கையா?" என்றார் மற்றொருவர். கூட்டம் தேநீரோடு கலைந்தது. அன்று பாதியில் நின்ற பேச்சைத்தான் இன்று தொடரப் போகிறேன்.

சங்கப் புலவரைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டதால், நமக்கு மிக அண்மையில் வாழ்ந்த ஒரு வள்ளலிடமிருந்து தொடங்குகிறேன். வையாவிக் கோப்பெரும் பேகனை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆவியர் குலத்தவன், பொதினி மலைக்கு உரியவன். பொதினிதான் இன்றைய பழனி என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. தைப்பூசத்துக்கு நம் ஊரிலிருந்து தாராபுரம் வழியாக நடந்தே செல்லும் தொலைவு. மயில் குளிரில் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் அவன். ஆடை நெய்து, தைத்து, விற்று வாழும் நம் ஊருக்கு முதல் வள்ளலாக யாரையேனும் வைக்கவேண்டுமெனில், ஆடையைக் கொடையாகக் கொடுத்த பேகனையே வைக்க வேண்டும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பரணர் அவனைப் பற்றிச் சொல்லும்போது 'கொடைமடம்' என்னும் சொல்லை ஆளுகிறார். மயில் போர்வையை உடுக்காது, போர்த்துக்கொள்ளாது என்று அறிந்தும் கொடுத்தான். வற்றிய குளத்திலும் பெய்து, வயலிலும் பெய்து, பயன் தராத உவர் நிலத்திலும் பெய்கின்ற மழையை அதற்கு ஒப்பிடுகிறார். கொடையில்தான் அவனுக்கு மடமை. போரிலோ இல்லை என்றும் முடிக்கிறார். அறியாமையையே அணியாக்கிய அந்தச் சொல்லை நாமும் மேடைதோறும் வியந்து பேசி வந்திருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி அந்தச் சொல்லின்பால் எனக்கு ஓர் ஐயத்தை உண்டாக்கிவிட்டது. அதனைச் சொல்வதற்கு நாணமாக இருக்கிறது. எனினும் பொருளாளன் கணக்கை மறைக்கலாகாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையையே புரட்டிப் போட்டது. பொங்கலுக்கு இருபது நாட்கூட இல்லை. அன்று மாலையே நம் கடைவீதியில் துணி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது எனக்கு இங்கே ஒரு சிறு கடை. நானும் மூன்று மூட்டை கட்டினேன். மூட்டைக்குள் என்ன வைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். சாயம் திட்டுத்திட்டாய் ஏறியவை, ஊசி ஓட்டை விழுந்தவை, ஒரு கை நீண்டு ஒரு கை குறுகியவை, 'செகண்ட்ஸ்' என்றுகூட விற்க முடியாமல் இரண்டு ஆண்டுகளாக மேல்தட்டில் கிடந்த லாட். மனத்தில் ஒரு நிறைவு; தட்டும் காலியாயிற்று. மூட்டையைத் தூக்க வந்த சுமைப்பணியாளர், என்னிலும் வயதில் மூத்தவர், கட்டு நெகிழ்ந்திருந்த ஒரு மூட்டையிலிருந்து ஒரு பனியனை இழுத்து விரித்துப் பார்த்தார். "ஏனுங்ணா, தீவாளிக்கு நம்ம ஊட்டுப் புள்ளைகளுக்கு இதைக் குடுப்பமுங்களா?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஐயம் கேட்பவர் போலவே கேட்டார். அவசரத்துக்கு உதவட்டுமே என்று நான் ஏதோ முணுமுணுத்தேன். மூட்டை வண்டி ஏறிற்று.

பொங்கல் கழிந்து ஒரு வேலையாக நாகப்பட்டினம் போக நேர்ந்தது. சாலையோரங்களில் துணி மலையாகக் கிடந்தது. மழையில் நனைந்து, மண்ணில் புதைந்து, ஆடுகள் மேலேறி நின்றுகொண்டிருந்தன. நாடெங்கிலுமிருந்து அன்பர்கள் அனுப்பிய பழைய துணி அது. மீனவ மக்கள் அதனைத் தொட மறுத்துவிட்டார்கள். கடல் கொண்டது அவர்கள் வீட்டை, மானத்தை அன்று. நேற்று வரை உழைத்து உண்டவர்கள், பிறர் கழித்துப் போட்டதை ஏன் உடுக்க வேண்டும்? அந்தக் குவியலில் என் மூட்டையும் கிடந்ததா என்று நான் தேடவில்லை. தேடவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அங்கே கண்டதுதான் உவர் நிலத்தில் பெய்த மழை. பரணர் காலத்தில் அது அழகாக இருந்தது, ஏனெனில் பேகன் கொடுத்தது தன் தோளில் கிடந்த போர்வை. தான் விரும்பி அணிந்ததை அவன் கொடுத்தான். நான் கொடுத்ததோ எனக்கு இடைஞ்சலாய் இருந்ததை. கொடைமடம் என்னும் சொல்லுக்குள் நான் ஒளிந்துகொள்ள முடியாது. ஆராயாமல் கொடுப்பது வேறு; அக்கறையில்லாமல் கழிப்பது வேறு.

அந்தத் துணி மலையைப் பிரித்துத் தரம் பார்க்கும் பணியில் அரசோடு கைகோத்தது தில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம். அன்ஷு குப்தா என்பவர் 1999இல், 67 உடைகளை வைத்துக்கொண்டு தொடங்கியது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவருடைய முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊர் மக்கள் தாங்களே கூடிக் கிணறு தூர் வாருகிறார்கள், பாதை அமைக்கிறார்கள். அதற்கு ஈடாகத் துணி பெறுகிறார்கள். துணி அங்கே பிச்சையாக இறங்குவதில்லை, உழைப்புக்குரிய மதிப்பாகக் கைக்கு வருகிறது. தருமம் என்ற சொல்லை நீக்கிவிட்டால் தருமம் எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு இது சான்று.

இனிப் பண்டிகைக்கு வருவோம். தீபாவளியன்று விடியலில் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவி, மனைப்பலகையில் வைத்து, வணங்கி, வீட்டில் மூத்தவர் கையால் எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் காலில் விழுந்து வாங்கிக்கொள்கிறார். அந்த ஆடையின் விலை நூறு ரூபாயாக இருக்கலாம். மஞ்சளுக்கு விலையில்லை. 'இது உனக்காகவே வாங்கியது, வேறு எவரும் உடுத்தாதது' என்பதற்கு அந்த மஞ்சள் பொட்டுதான் முத்திரை. அந்த மூட்டையில் நான் வைக்கத் தவறியது அந்த மஞ்சளைத்தான்.

நம் கடைவீதியில் நோன்புக் காலத்தை அனைவரும் கண்டிருக்கிறோம். மாலையில் பள்ளிவாசலிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி வரும். அதனைக் குடிக்கச் சமயம் ஒரு தடையாக இருந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது கஞ்சியைப் பற்றியன்று; ஃபித்ராவைப் பற்றி. ஆண்டுச் செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் என்பது பலருக்கும் தெரியும். ஃபித்ரா வேறு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும், பிறந்த குழந்தை உட்பட, தலைக்கு இவ்வளவு தானியம் அல்லது அதன் விலை என்று கணக்கிட்டு, பெருநாள் தொழுகைக்கு முன்னதாகவே ஏழையின் கையில் சேர்த்துவிட வேண்டும். தொழுகை முடிந்து கொடுத்தால் அது பொதுவான தருமமாகிவிடும், ஃபித்ரா ஆகாது. இந்த 'முன்னதாக' என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஏழை வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும், அவர்களும் அன்று நம்மோடு பெருநாள் கொண்டாட வேண்டும் என்பதே நோக்கம். எஞ்சியதைக் கொடுப்பதன்று, எடுத்து வைத்ததைக் கொடுப்பது. நாமோ விருந்து முடிந்து மிஞ்சியதை எங்கே அனுப்பலாம் என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் விசாரிக்கிறோம்.

எடுத்து வைப்பதற்கு இன்னும் ஒரு முன்மாதிரி உண்டு. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம். காஞ்சிப் பெரியவர் அதனை ஓர் இயக்கமாகவே ஊக்குவித்தார். வினோபா பாவே சர்வோதயப் பாத்திரம் என்று வீட்டுக்கு ஒரு கலம் வைத்து, வீட்டுக் குழந்தையின் கையாலேயே நாளும் ஒரு பிடி போடச் சொன்னார். இந்தப் பிடியரிசி எங்கே பெருமரமாய் வளர்ந்தது என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். வடகிழக்கே மிசோரம் மலைகளில், 1910 அளவில், திருச்சபையைச் சேர்ந்த பெண்கள் 'பூஃபாய் தாம்' என்ற பெயரில் இதனைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி. நூறாண்டு கடந்தும் நிற்காமல் நடந்து, ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாக அது சேர்கிறது. அந்த மாநிலமோ சின்னஞ்சிறியது. பெரும் செல்வர் எவரும் அங்கே காசோலை நீட்டவில்லை. சமையற்கட்டில் நின்ற பெண்களின் கைகளே அதனை நடத்துகின்றன.

வடலூரும் அப்படியே. 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தைப்பூசத்துக்குச் சோதி காணக் கூட்டம் கூடுகிறது. ஆனால் அடுப்பு தைப்பூசத்துக்காக மட்டும் எரிவதன்று. பண்டிகைக்கு ஊர் திரண்டு வருகிறது. வந்தவர் கொணர்ந்த அரிசியும் காய்கறியும் ஆண்டு முழுவதும் வழிப்போக்கர் பசியைத் தீர்க்கின்றன. நிதி திரட்டுவோர் கவனிக்க வேண்டியது இதனை. பண்டிகை நாளில் பெருகும் உள்ளத்தை ஆண்டு முழுவதற்கும் பங்கிட ஓர் அடுப்பு முன்னமே இருக்க வேண்டும். அடுப்பில்லாமல் அரிசி சேர்த்தால் எலிதான் தின்னும்.

மேல்நாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர் அல்லர். 1891 கிறிஸ்துமஸ் காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜோசப் மெக்ஃபீ என்னும் இரட்சணிய சேனை அதிகாரி, ஏழைகளுக்கு ஒருவேளை விருந்து தர விரும்பினார். கையில் காசில்லை. படகுத்துறையருகே, மக்கள் போய்வரும் வழியில், ஒரு பெரிய சமையல் பானையைத் தொங்கவிட்டார். பானை எதற்கென்று விளக்கம் தேவைப்படவில்லை, பானையே பேசிற்று. இன்றும் கிறிஸ்துமஸ் வந்தால் பல நாடுகளில் அந்தச் செந்நிறப் பானை தெருமுனையில் தொங்குகிறது. 1904இல் டென்மார்க் நாட்டு அஞ்சல் எழுத்தர் ஐனர் ஹோல்போல் வேறு ஒன்றைக் கண்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்கள் மலை மலையாய் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அஞ்சல்தலைக்கு அருகே இன்னொரு சிறு வில்லையை ஒட்டச் செய்து, அந்தக் காசைக் காசநோயாளிகளுக்குச் சேர்த்தால் என்ன? சேர்ந்தது. நம் நாட்டிலும் 1950 முதல் காந்தியடிகள் பிறந்த நாளையொட்டி காசநோய் வில்லைகள் விற்கப்பட்டு வந்திருக்கின்றன. பள்ளியில் வாத்தியார் கொடுத்து, நாம் வீட்டில் அடம்பிடித்துக் காசு வாங்கிப் போன நினைவு இங்கே பலருக்கும் இருக்கும். கொடிநாளும் அப்படித்தான். ஹோல்போல் மக்களைப் புதிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. எப்படியும் செய்யவிருந்த ஒரு செயலின் தோளில் தம் வேண்டுகோளை ஏற்றி வைத்தார். அமெரிக்காவில் 2012 முதல் நன்றி நவிலும் நாளை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையைக் கொடைக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி நமக்குத் தெரியும்; ஆடிக் கொடை என ஒன்றை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆடி என்றவுடன் மொய் விருந்து நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கத்திலும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி பக்கத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் இது நடக்கும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். ஆட்டுக்கறிச் சோறு. உண்டவர் மொய் எழுதுவார். ஒருவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் முறை வரும். முன்பு தாம் வாங்கியதைத் திருப்பி எழுதுவதோடு, மேலும் கொஞ்சம் புதிதாகவும் சேர்த்து எழுத வேண்டும். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கும், பிள்ளை கல்லூரி சேர்வான், கடை திறக்கும். இது கொடையா, கடனா என்று பொருளியலார் வாதிடலாம். எனக்கு அதன் நோட்டுப்புத்தகத்தின்மேல்தான் காதல். பந்தலின் நடுவே, நாலுபேர் பார்க்க, எழுதுபவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர், பெயரை உரக்கச் சொல்பவர் ஒருவர். இப்போது பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது. ஆனால் உரக்கச் சொல்லும் வழக்கம் போகவில்லை. 2022இல் இலங்கை மக்கள் பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, அதே புதுக்கோட்டைப் பகுதியில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தேநீர் மொய் விருந்து நடத்தினார். வந்தவர் தேநீர் அருந்தி, இயன்றதைப் பாத்திரத்தில் போட்டுச் சென்றார்கள். ஊருக்குப் பழகிய வடிவம் கையில் இருந்தால், ஒரு தேநீர்க் கோப்பைகூடக் கடல் கடந்து உதவும்.

உரக்கச் சொல்வதால் ஒரு கேடும் உண்டு. 'உபயம்' என்று பெயர் எழுதி, எழுத்தே வெளிச்சத்தை மறைத்துவிட்ட கோயில் டியூப் லைட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர் ஒருவரும் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதற்காகப் பெயரே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பெயர் வேண்டாம் என்று சொல்லும் உள்ளம் பெரிது; ஆனால் அத்தகைய உள்ளங்களை மட்டுமே நம்பினால் படிப்பகத்துக்கு ஒரு பெஞ்சுகூட வாங்க முடியாது. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் பங்குனி உத்திரத்தை ஒட்டி முருகன் வேலில் குத்திய எலுமிச்சை ஏலம் போகிறது. ஒரு கனி பல ஆயிரங்களுக்கு எடுக்கப்படுகிறது. தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகையன்று ஒரு பூசணிக்காயோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ சந்தை விலைக்கு எத்தனையோ மடங்கில் ஏலம் போகிறது. காந்தியடிகள் தமக்கு வந்த பரிசுகளை மேடையிலேயே ஏலம் விட்டு அரிசன நிதி சேர்த்தார். ஏலத்தில் மனிதன் தன் வீம்பையே காணிக்கையாக்குகிறான். வீம்பையும் நற்செயலுக்கு ஆளாக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

ஆனால் அன்பர்களே, பண்டிகைக் கொடை என்றால் அனைத்தும் இனிமை என்று நான் சொல்லிவிட்டால் அது பொய்யாகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பண்ணையாட்கள் வாசலுக்கு வெளியே நின்று, குனிந்து, துண்டை ஏந்தி வேட்டியும் படியரிசியும் வாங்கிய காட்சி நம் கொங்கு நாட்டில் மிகப் பழைய காட்சியன்று. அந்தக் கொடை பசியை ஆற்றிற்று. யார் மேலே, யார் கீழே என்பதையும் ஆண்டுதோறும் புதுப்பித்தது. கொடுப்பவர் நின்ற படியும் வாங்குபவர் நின்ற மண்ணும் ஒன்றாகும்வரை அதனை ஈகை என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

நம் ஊரின் போனஸ் இதற்கு நேர் எதிரானது. சட்டம் அதற்குக் குறைந்த அளவாக 8.33 விழுக்காட்டை விதிக்கிறது. ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். அதனைத் தள்ளிவைக்கப்பட்ட ஊதியம் என்றே தொழிலாளர் தரப்பு வாதிட்டு வந்திருக்கிறது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. உரிமைக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் தீபாவளி வாரத்தில் போனஸ் உறையை நீட்டும்போது, ஏதோ தானம் செய்வது போன்ற ஒரு முகபாவம் நம்மில் சிலருக்கு வந்துவிடுகிறது. நானும் முதலாளியாக இருந்தவன், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் மீண்டும் பேகனிடம் போகவேண்டியிருக்கிறது. மயிலுக்குப் போர்வை அளித்த கதையைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். புறநானூற்றில் அதற்கு அடுத்து நிற்கும் பாடல்களைச் சொல்வதில்லை. அவன் மனைவி கண்ணகி அவனால் பிரியப்பட்டுக் கண்ணீரோடு இருந்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு பெரும்புலவர்கள் அவனிடம் சென்று பாடினார்கள். பசித்து வரவில்லை, பொருள் நாடி வரவில்லை, இன்று இரவே தேரேறிச் சென்று அவள் துயர் தீர்ப்பதுதான் நாங்கள் வேண்டும் பரிசில் என்பது பரணர் வேண்டுகோளின் சாரம். அணிகலனும் செல்வமும் ஒருபுறம் இருக்கட்டும், எனக்குத் தருவதாயின் இதனைத் தா என்பது அரிசில்கிழாரின் குரல். காட்டு மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டிலுள்ளவளின் துயர் தெரியவில்லை. அதனை அவனுக்குச் சொல்லும் துணிவு அவன் பரிசிலை நம்பி வாழ்ந்த புலவர்களுக்கு இருந்தது.

கவிஞன் கையேந்துவதா என்று கேட்ட நண்பருக்கு என் விடை இதுதான். அந்த நால்வரும் கேட்டார்கள்; தமக்காகக் கேட்கவில்லை. கேட்டதோடு, கொடுப்பவனின் கண்ணை அவன் பார்க்கத் தவறிய திசைக்குத் திருப்பினார்கள். வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தது காரணம் இல்லாமலா? கேட்பதற்கும் முறையுண்டு, கேட்க அஞ்சவும் காரணமுண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசில் பெற்று வருபவன், வழியில் கண்ட வறியவனிடம், நான் பெற்ற இடம் இது, நீயும் போ என்று வழிகாட்டுவது. தன் பங்கு குறைந்துவிடுமே என்று மறைக்கவில்லை. இன்று நன்கொடையாளர் பட்டியலைப் பூட்டி வைக்கும் அமைப்புகள் ஆற்றுப்படையை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரியவனாகச் சொல்லத்தக்கவன் குமணன். உடுமலைப் பக்கத்து மலையே அவன் முதிரமலை என்பாரும் உளர். தலையைக் கொடுக்க வாளை நீட்டிய கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு அதனினும் பிடித்தது பெருஞ்சித்திரனார் பாட்டு. குமணனிடம் பெரும்பரிசில் பெற்று வீட்டுக்கு வந்த புலவர் மனைவியிடம் பேசுகிறார்: உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், சுற்றத்தார்க்கும், நம் பசிக்காலத்தில் கைமாற்று கொடுத்தவர்க்கும், இன்னார்க்கு என்றில்லாமல், என்னிடமும் கேட்காமல் கொடு; சேர்த்து வைத்து வாழ்வோம் என்று எண்ணாதே. இதுவே அதன் கருத்து. முதல்நாள் வரை பட்டினி கிடந்த வீடு அது. வாங்கிய கையைக் கொடுக்கும் கையாக மாற்றிய பிறகுதான் கொடை முழுமை பெறுகிறது என்பதனை அந்தப் புலவர் ஒரு கோட்பாடாகச் சொல்லவில்லை. வீட்டுப் பேச்சாகச் சொல்லிவிட்டார்.

கைகள் இடம் மாறும் என்பதனை நம் வீதியும் கண்டது. 2023 ஜூன் மாதம், பக்ரீத்துக்குச் சில நாட்கள் முன்பு, காதர்பேட்டைப் பனியன் பஜாரில் தீப்பற்றி ஐம்பது வரையான கடைகள் எரிந்தன. பண்டிகைக்கு அடுக்கிய சரக்கு ஓர் இரவில் கரியாயிற்று. மறுநாள் கரும்புகை நடுவே நின்ற ஒரு சிறு வியாபாரியை எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் நன்கொடை எழுதியவர்; அன்று எதனையும் வாங்கிக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை. அவருக்குச் சரக்குக் கொடுத்திருந்த ஒருவர் வந்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "பாக்கியை அடுத்த தீவாளிக்குப் பார்த்துக்கலாமுங்க, நாளைக்கு ரெண்டு பேல் அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொடை என்ற சொல்லே அங்கே எழவில்லை. ஆகையால்தான் அவரால் ஏற்க முடிந்தது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளம் மூழ்கியபோது ஓணம் வாசலில் நின்றது. அம்மாநில அரசு ஓண விழாவைக் கைவிட்டு அதற்குரிய பணத்தை நிவாரணத்துக்குத் திருப்பிவிட்டது. விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி மிதிவண்டி வாங்க உண்டியலில் சேர்த்த காசை அப்படியே அனுப்பினாள். செய்தி அறிந்து மிதிவண்டி நிறுவனமே அவளுக்கு ஒரு வண்டியை வழங்கியது. வண்டி கிடைத்ததை நாளிதழ்கள் பெரிதாக எழுதின. உண்டியலை உடைத்த பொழுதில் அவளுக்கு வண்டி வருமென்று தெரியாது என்பதனை நாம் மறந்துவிடக் கூடாது.

இனிப் படிப்பகத்துக்கு வருகிறேன். என் யோசனையைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன், வெட்டலாம், ஒட்டலாம். ஆயுதபூசை முதல் தீபாவளி வரை நம் வீதியில் சரக்கு ஓடும் காலம். அந்நாட்களில், விருப்பமுள்ள கடைக்காரர், கட்டும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு உருப்படியைத் தனியே எடுத்து வைக்கட்டும். பிடியரிசி போல, பெட்டிக்கு ஒரு பனியன். முதல் தரம், செகண்ட்ஸ் ஏற்கப்படாது. தரம் பார்க்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன், மூன்று மூட்டை கட்டிய பிராயச்சித்தமாக. அவற்றில் ஒரு பங்கு, வேலைக்காக நம் ஊர் வந்து பண்டிகைக்கும் ஊர் திரும்ப இயலாமல் தங்கிவிடும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகவே, மஞ்சள் தடவிப் போகட்டும். அவரவர் வீட்டுக்குச் சென்று கொடுப்போம். வரிசையில் நிறுத்தமாட்டோம், புகைப்படம் எடுக்கமாட்டோம். எஞ்சியதை விற்று வரும் பணம் படிப்பக நிதிக்கு. வரவு செலவை மொய் நோட்டு போல மாதந்தோறும் நம் கூட்டத்தில் உரக்கப் படிப்பேன்.

கடைகடையாய் ஏறும் வேலை கவிஞர்களுக்கு உண்டா என்றால், உண்டு. நால்வர் நால்வராகப் போகலாம். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று குழுக்களுக்குப் பெயர் வைக்கலாமென இளங்கவிஞர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எந்தக் கடையில் போனஸ் இன்னும் கொடுபடவில்லையோ அந்தக் கடையில் நன்கொடை கேட்பதில்லை என்று ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். இதற்குச் செயற்குழுவில் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் அங்கே விடை சொல்கிறேன்.

படிப்பகத்துக்கு இரண்டு அலமாரி தருவதாக ஓர் அன்பர் இன்று காலை சொன்னார். பெயர் எழுதவேண்டாம் என்றார். எழுதாமலே வைப்போம். மற்றவர்கள் பெயர் சொல்ல விரும்பினால், வாயிலருகே நோட்டு இருக்கிறது. நம் செயலாளர் அதனருகே பேனாவோடு அமர்ந்திருக்கிறார்.